விட்டவன் விழுக்காடு: திருமலைக் கல்வெட்டுகளில் ஓர் உறவு வலை

(திருப்பதியில் தமிழன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு குழுவுக்குள் யாருக்கு யாரோடு தொடர்பு, எந்தச் செய்தி யார் வழியாக யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதையெல்லாம் எப்படிப் படமாக வரைகிறார்கள் என்று பேசச் சொல்லி அழைத்தீர்கள். இந்தப் பொருளைச் சொன்னவுடன் கைப்பேசிக் குழுக்களும் கணினியும்தான் நினைவுக்கு வரும். அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் திருப்பதி மண்ணில் நின்றுகொண்டு இதைக் கணினியிலிருந்து தொடங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மலை மேலே வேங்கடவன் கோயில் சுவர்களிலும், கீழே கோவிந்தராசர் கோயில் சுவர்களிலும், திருச்சானூரிலும், யார் யாருக்கு என்ன கொடுத்தார், அதில் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்று வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம் உண்டு.

இந்தக் கல்வெட்டுகளைத் தேவஸ்தானத்துக்காகப் படித்துத் தொகுத்தவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. 1930இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. 1931 முதல் தொகுதிகள் வரத் தொடங்கின. பின்னால் வந்த தொகுதிகளில் வி. விஜயராகவாசாரியாரின் உழைப்பு இருக்கிறது. மொத்தம் ஆறு தொகுதிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். முதல் தொகுதி பழங்காலத்துக்கு, இரண்டாவது சாளுவ நரசிம்மர் காலத்துக்கு, மூன்றாவது கிருஷ்ணதேவராயருக்கு, நான்காவது அச்சுதராயருக்கு, ஐந்தாவது சதாசிவராயருக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். இவற்றை அரசர் வரலாறாகப் படிப்பவர்கள் உண்டு, பக்தி வரலாறாகப் படிப்பவர்கள் உண்டு. மனிதர்களுக்கு இடையில் ஓடிய கோடுகளாகவும் படிக்கலாம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறேன். கி.பி. 966 என்று ஆராய்ச்சியாளர் கொள்ளும் ஒரு கல்வெட்டில் சாமவை என்ற பல்லவ குலத்து அரசி வருகிறாள். காடவன் பெருந்தேவி என்றும் அவளுக்குப் பெயர். வெள்ளியில் ஒரு திருமேனி செய்து வைத்து, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டாள். இன்று போக ஸ்ரீநிவாசர் என்று நாம் வணங்கும், இரவில் ஏகாந்த சேவை கொள்ளும் மூர்த்தி அதுவே. அந்தக் காலத்துப் பதிவுகளில் திருச்சுகனூர்ச் சபையார் பொறுப்பாளராக நிற்கிறார்கள். இன்றைய திருச்சானூர்தான் அது. அரசி, அவள் பிறந்த குலம், கொடுத்த நிலம், அதைக் காத்துக்கொள்ளும் சபை, எல்லாம் போய்ச் சேரும் தெய்வம்: ஒரு கல்வெட்டுக்குள் இத்தனை புள்ளிகள். புள்ளியையும் புள்ளியையும் சேர்த்தால் கோடு. அப்படி நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளின் கோடுகளை ஒரே தாளில் போட்டால் ஒரு வலை தெரியும். இந்தத் துறையின் அடிப்படை இவ்வளவுதான்.

விஜயநகரக் காலத்துக்கு வரும்போது பதிவு மிகவும் செறிந்துவிடுகிறது. ஒருவர் கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் இத்தனை நற்பணம் செலுத்துகிறார். கோயிலை நிர்வகித்த தானத்தார் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவதில் போடுகிறார்கள். அதனால் கூடும் விளைச்சலைக் கொண்டு, கொடுத்தவர் பெயரால் நாள்தோறும் திருப்போனகம் படைக்கிறார்கள். விசேஷ நாட்களில் அதிரசப்படி, அப்பப்படி, சுகியன்படி. அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பயறு, மிளகு, உப்பு, தயிர், வெற்றிலை பாக்கு எவ்வளவு என்று அளவு முதற்கொண்டு எழுதுகிறார்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரையில், திருப்பதிக் கோயில் ஒரு பாசன முதலீட்டு நிறுவனமாக இயங்கியதை இந்தக் கல்வெட்டுகளை வைத்தே காட்டினார். சுற்றுப்புற ஊர்களில் வறண்ட காடு நஞ்சையானதில் பக்தர் பணத்துக்குப் பங்குண்டு.

படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. அதற்குத்தான் விட்டவன் விழுக்காடு என்று பெயர். மற்ற முக்கால் பங்கு கோயிலைச் சேர்ந்தவர்களுக்கும் பணி செய்பவர்களுக்கும் பிரிந்து போகும். விஷயம் சுவையாவது இங்கேதான். அந்தக் கால் பங்கைக் கொடையாளி தானே வாங்கிக்கொள்ளலாம், தன் சந்ததிக்கு விடலாம், தன் ஆசாரியருக்குக் கொடுக்கலாம், ஒரு மடத்துக்கோ சத்திரத்துக்கோ நந்தவனம் வைத்திருப்பவருக்கோ எழுதி வைக்கலாம். யாருக்குப் போக வேண்டும் என்பதைக் கல்லிலேயே சொல்லிவிடுகிறார். ஆகவே நம் கையில் இருப்பது வெறும் கொடையாளிப் பட்டியலாக நின்றுவிடவில்லை. கொடை கோயிலுக்கு உள்ளே போன வழியும், பிரசாதமாகத் திரும்பி வெளியே வந்த வழியும், அது கைமாறிப் போய்ச் சேர்ந்த இடமும் சேர்ந்து பதிவாகியிருக்கின்றன. இன்று ஒரு குழுவின் வலையை வரைபவர் தவம் கிடந்தாலும் இவ்வளவு தெளிவான தரவு கிடைக்காது.

இந்த முறையின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1932இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் இருந்த பெண்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர், அந்தப் பெண்களின் குணத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, யாருக்கு யாரைப் பிடிக்கும், யார் யாரோடு பேசுவார்கள் என்று கேட்டுப் படம் வரைந்தார். ஓட வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கோடுகளின் வழியே ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் பரவியது என்றார். 1934இல் அது நூலாக வந்தது. பிறகு மானிடவியலார், சமூகவியலார், கணிதத்தார் என்று பலர் கைபட்டு அது பெரிய துறையாயிற்று.

இனி மலைக்குத் திரும்புவோம். இந்தக் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றி, ஒரே கல்வெட்டில் வரும் இருவருக்கு இடையில் ஒரு கோடு என்று போட்டால், விஜயநகரக் காலத் திருமலையில் எவருக்கு அதிகத் தொடர்பு என்று வரும்? அரசருக்கு என்று நினைப்பீர்கள். அல்லது பெரிய ஆசாரியர் எவருக்காவது. கணக்கு அப்படிச் சொல்லாது. முதலிடத்தில் வந்து நிற்பவர் கோயில் கணக்கு திருநின்றவூருடையான். கொடைச் சாசனத்தின் கடைசியில் ஸ்ரீவைஷ்ணவர் பணிப்படி எழுதியவர் என்று அவர் பெயர் வரும். தலைமுறை தலைமுறையாக ஒரே பட்டப்பெயரில் அந்தப் பதவி தொடர்ந்திருக்கிறது. பல பேர் ஒரே பெயரில் சேர்ந்து, எல்லாச் சாசனத்தோடும் ஒட்டிக்கொண்டு, படத்தின் நடுவில் மாபெரும் புள்ளியாக உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் எழுதியதால்தான் நமக்கு இது கிடைத்தது. ஆனால் அவரை அந்தக் காலத்தின் செல்வாக்குமிக்க மனிதர் என்று முடிவு கட்டினால் அது அபத்தம். எந்த வலைப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தக் கோடு மனிதர்களின் உறவால் வந்ததா, பதிவு செய்த முறையால் வந்ததா? கணக்கரையும், எல்லாச் சாசனத்திலும் ஒரு தரப்பாக நிற்கும் தானத்தாரையும் தனியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி வரைய வேண்டும். அப்போதுதான் உண்மையான முகங்கள் மேலே வரும்.

அப்படி மேலே வரும் முகங்களில் ஒன்று கந்தாடை ராமானுஜ ஐயங்கார். இவர் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். அப்போது பக்கத்துச் சந்திரகிரியில் சாளுவ நரசிம்மர் பலம் பெற்று வந்தார். 1485 வாக்கில் விஜயநகர அரியணையையே கைக்கொண்டவர் அவர். அவர் திருமலையிலும் திருப்பதியிலும் ராமானுஜகூடங்கள் ஏற்படுத்தினார். வரும் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு உணவிடும் இடம் ராமானுஜகூடம். அவற்றின் பொறுப்பைக் கந்தாடை ராமானுஜ ஐயங்காரிடம் கொடுத்தார். அரசர் வைத்த கட்டளைகளில் விட்டவன் விழுக்காடு ராமானுஜகூடத்துக்குப் போயிற்று. அரசரைப் பார்த்துப் பிறரும் தங்கள் பங்கை அங்கே எழுதி வைத்தார்கள். ராமானுஜகூடத்திலிருந்து அந்தப் பங்கு, ஐயங்காரின் சீடர்களான சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்களுக்குப் போயிற்று. அவர்கள் பூணூல் அணியாத வைணவர்கள், பிராமணர் அல்லாதவர்கள், நந்தவனமும் பூமாலையுமாகக் கோயிலுக்குத் தொண்டு செய்தவர்கள்.

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1977இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த மனிதரை ஆராய்ந்திருக்கிறார். அரசர்கள் கோயிலை நேரே அணுகவில்லை, சமயத் தலைவர்கள் வழியாகத்தான் அணுகினார்கள் என்பது அவர் வாதம். அரசருக்குக் கோயில் தரும் மரியாதை வேண்டும். சமயத் தலைவருக்கு அரசரின் செல்வம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றவர் கந்தாடை ராமானுஜ ஐயங்கார். நான் இதோடு ஒரு படி சேர்த்துச் சொல்வேன். அவருக்கு மேலே அரசர், கீழே சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர். இந்த இரு சாராரையும் இணைத்தவர் அவர். அவரை எடுத்துவிட்டால் படத்தில் அந்த இணைப்பு அறுந்துபோகும். இப்படிப்பட்ட இடத்தில் நிற்பவரின் கனத்தை அளக்க லின்டன் ஃப்ரீமன் என்ற சமூகவியலாளர் 1977இல் ஓர் அளவுகோல் வகுத்தார். ஒருவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதை அது எண்ணுவதில்லை. எத்தனை பேர் ஒருவரையொருவர் மிகக் குறுகிய வழியில் எட்டுவதற்கு அவர் வழியாகப் போக வேண்டும் என்பதை எண்ணுகிறது. அந்த அளவுகோலில் கந்தாடை ராமானுஜ ஐயங்கார் உயர்ந்து நிற்பார் என்பது என் கணிப்பு.

இன்னொரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். தாள்ளபாக அன்னமாசாரியர், அவர் மகன் பெத்த திருமலாசாரியர், பேரன் சின்ன திருமலாசாரியர். தெலுங்குக் கீர்த்தனைகளால் நாடறிந்த குடும்பம். அவர்களுடைய பாடல்கள் செப்பேடுகளில் வெட்டப்பட்டு மலைக்கோயிலில் காக்கப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். பெத்த திருமலாசாரியர் அச்சுதராயர், சதாசிவராயர் காலங்களில் வேங்கடவனுக்கும் கோவிந்தராசருக்கும் பல கட்டளைகள் வைத்த பெரிய கொடையாளி என்பதை அத்தனை பேர் அறிந்திருக்க மாட்டார்கள். தெலுங்கில் பாடிய குடும்பத்தின் கொடைகளிலும் தமிழில் வெட்டப்பட்டவை உண்டு. ஒரே வீடு இரண்டு மொழி உலகங்களில் கால் பதித்து நின்றது.

இப்படி இரு உலகங்களை இணைப்பவர்களின் பயனைப் புரிந்துகொள்ள, சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை உதவும். தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம், சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர் 55.6 சதவீதம். அரிதாக என்றவர் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்து அறிமுகத்திடமிருந்து வருகிறது. சித்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பஸ் ஏறினால் வேலூர், பிள்ளைக்குப் பெண் பார்ப்பது சோளிங்கர் பக்கம். 1960இல் மாநில எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திரப் பக்கம் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, உறவில் முழுசாக விழவில்லை. இரண்டு பக்கமும் அறிமுகம் உள்ளவர்கள் ஊருக்கு எவ்வளவு தேவை என்பதை நாம் வாழ்ந்து பார்த்தவர்கள்.

பெயர்ச் சிக்கலைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்வெட்டில் ராமானுஜ என்று தொடங்கும் பெயர் எத்தனை, திருமலை என்று தொடங்கும் பெயர் எத்தனை. இரண்டு பேரை ஒருவராகச் சேர்த்துவிட்டால், இல்லாத பாலம் ஒன்று படத்தில் தோன்றிவிடும். ஒருவரை இரண்டாகப் பிரித்துவிட்டால், இருந்த பாலம் மறைந்துவிடும். நல்ல காலம், திருமலைச் சாசனங்களில் கோத்திரம், சூத்திரம், தந்தை பெயர் மூன்றும் பெரும்பாலும் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை வைத்துப் பிரிக்கலாம். இந்த வேலையை எவ்வளவு பொறுமையோடு செய்ய வேண்டும் என்பதற்கு நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ஜப்பானியப் பேராசிரியர் நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் அடைவாக்கி 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். பெயருக்குள் இருக்கும் பட்டம், ஊர், தந்தை பெயர் எல்லாவற்றையும் பிரித்து வைத்தார்கள். காகதீயர் காலத்துத் தெலுங்குக் கல்வெட்டுகளை வைத்து, கொடையாளிகள் யார், எவருக்கு எவர் தலைவர் என்று சிந்தியா டால்பட் செய்த ஆராய்ச்சியும் இந்த வழியில் நல்ல துணை. திருமலைத் தொகுதிகளுக்கு அந்த அளவில் ஒரு பெயரடைவு செய்தால் நான் சொல்லும் படம் தானே எழுந்து வரும்.

ஆனால் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அந்தப் படத்தில் வராதவர்கள் உண்டு. கால்வாய் வெட்டிய கூலியாட்கள் பெயர் சாசனத்தில் இல்லை. நெல் விளைத்தவர் இல்லை. மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டியவர் இல்லை. மலையேறி வந்து ஒற்றைக் காசு போட்டுவிட்டுப் போன லட்சக்கணக்கானவர்களில் ஒருவரும் இல்லை. சுவரில் பெயர் வெட்டுவதற்குப் பணம் வேண்டும். பெண்கள் சிலர் வருகிறார்கள் என்பது ஆறுதல். அரசியரும், எம்பெருமானடியார் என்ற கோயிற் பெண்களும் தங்கள் பெயரிலேயே கட்டளை வைத்திருக்கிறார்கள். மற்றபடி பதிவில் இல்லாதவர் இருந்ததே இல்லை என்று எண்ணிவிடும் ஆபத்து எல்லா வலைப் படத்துக்கும் உண்டு. அந்த வெற்றிடத்தையும் படத்தின் ஓரத்தில் எழுதி வைப்பவரே நேர்மையான ஆய்வாளர் என்று நான் கருதுகிறேன்.

உயிரோடு இருப்பவர்களிடம் போய்க் கேட்டால் இந்தக் குறை பாதி தீரும். தமிழ்நாட்டில் இரண்டு கிராமங்களில் எலனோர் பவர் என்ற மானிடவியலாளர் அப்படிக் கேட்டார். கடன் வேண்டுமானால் யாரிடம் போவீர்கள், யோசனை கேட்க யாரிடம் போவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வலை வரைந்தார். 2017இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. கோயிலில் தவறாமல் வழிபடுபவர்களையும், தீமிதி, அலகு போன்ற கடினமான நேர்த்திக்கடன்களை ஊரறியச் செய்பவர்களையும் உதவிக்கு நாடிப் போகிறவர்கள் அதிகம் என்று தெரிந்தது. ஊர் நடுவில் பக்தியைக் காட்டுவது, நம்பலாம் என்ற எண்ணத்தையும் சேர்த்து வளர்க்கிறது. மலைச் சுவரில் கட்டளையை வெட்டச் சொன்னவர்களுக்கும் இதுபோல ஒரு பலன் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கர்நாடகத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, அருண் சந்திரசேகர், மாத்யூ ஜாக்சன் ஆகிய பொருளியலாளர்கள் நால்வரும் செய்த வேலை இன்னும் நடைமுறைக்கு நெருக்கமானது. சிறுகடன் திட்டம் ஒன்று எந்த ஊரில் நன்றாகப் பரவும் என்று பார்த்தார்கள். முதலில் யாரிடம் சொன்னார்கள், வலையில் அவர் எங்கே நின்றார் என்பதைப் பொறுத்தே பரவல் அமைந்தது. 2013இல் அது வெளியாயிற்று. பிறகு 213 கிராமங்களில் இன்னொரு சோதனை. ஒரு செய்தியைப் பரப்ப யார் சரியானவர் என்று ஊர்க்காரர்களிடமே கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்று தேர்ந்தவர்களைக் காட்டிலும், ஊரார் கைகாட்டியவர்கள் வழியாகச் செய்தி அதிகம் போயிற்று. கணக்குப் போடத் தெரியாதவர்களுக்கும் தங்கள் ஊரின் வலை தெரிந்தே இருக்கிறது.

இப்போது கைப்பேசிக் குழுவுக்கு வருகிறேன். சித்தூர்ப் பக்கம் மா விவசாயிகளின் வாட்ஸ்ஆப் குழு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிளிமூக்கு மாங்காய்க்குக் கூழ் ஆலையில் இன்று என்ன விலை, பூவில் பூச்சி விழுந்தால் என்ன மருந்து என்பதுதான் பேச்சு. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். உரையாடலைக் கோப்பாக இறக்கினால் நாள், நேரம், பெயர், செய்தி கிடைக்கும். எந்தச் செய்தி எதற்குப் பதில் என்பது அதில் இராது. அதை வரைபவர் ஊகித்துத்தான் கோடு போட வேண்டும். காலை வணக்கப் படம் அனுப்புகிறவர் தினமும் அனுப்புவதால் நடுப்புள்ளி ஆகிவிடுவார். நம் திருநின்றவூருடையான் விஷயம்தான் மறுபடியும்.

இணையக் கலந்துரையாடல் குழுக்களை ஆராய்ந்த ஹோவர்ட் வெல்சர், மார்க் ஸ்மித் முதலியோர் 2007இல் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். சிலர் விவாதத்தைத் தொடங்குவதில்லை, நீண்ட சண்டைகளில் சேர்வதும் இல்லை. ஒருவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில், இன்னொருவர் கேட்டதற்கு ஒரு பதில், அவ்வளவோடு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் பதில் சொன்னவர்களுக்குள்ளே ஒருவரையொருவர் தெரிந்திருக்காது. படத்தில் பார்த்தால் ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் தனித்தனிக் கோடுகள் போவது போலத் தெரியும். குழுவை உயிரோடு வைத்திருப்பவர்கள் இவர்கள். செய்தி எண்ணிக்கை மட்டும் இவர்களைத் தனியே காட்டிவிடாது. மா விவசாயிகள் குழுவில் பூச்சி மருந்து கேட்டவனுக்கு இரவு பத்து மணிக்கு இரண்டு வரி எழுதிப் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். தனக்கு வந்த கால் பங்கைத் தான் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்கு எழுதிவைத்த கொடையாளிக்கு நிகர் அவர்.

குழுவில் பேசாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களை என்ன செய்வது? கோப்பு அவர்களைக் காட்டாது. ஆனால் விலை தெரிந்துகொண்டு மாங்காயை ஆலைக்கு ஏற்றியது அவர்களாக இருக்கலாம். குழுவில் வாய் திறக்காத பெண், வீட்டுத் தோட்டத்தின் முடிவையெல்லாம் எடுப்பவளாக இருக்கலாம். அவர்களிடம் கேட்காமல் வரைந்த படத்தைக் கொண்டு யாரையும் தலைவர் என்றோ தேவையற்றவர் என்றோ சொல்லக்கூடாது.

இங்கே எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. மலைச் சுவரில் இருக்கும் பெயர்கள் வெட்டச் சொல்லி வெட்டப்பட்டவை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை உலகம் பார்க்கட்டும் என்று விரும்பி வெட்டினார்கள். அதை எடுத்து ஆராய யாருடைய அனுமதியும் வேண்டாம். கைப்பேசிக் குழுவில் எழுதுகிறவர் அப்படி எழுதவில்லை. நம்பிக்கையான நாலு பேருக்கு என்று எழுதுகிறார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டமும் வந்தது. சட்டம் எட்டாத இடத்திலும் நாம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் வலைப் படம் சும்மா அறிவுக்காக மட்டும் பயன்படுவதில்லை. மொரேனோவின் படத்தைக் கொண்டே எந்தப் பெண் எந்த விடுதியில் இருக்க வேண்டும் என்று மாற்றி அமைத்தார்கள். யாரை எடுத்தால் ஒரு சங்கம் உடையும் என்பதும் அந்தப் படத்திலேயே தெரியும். சங்கத்தை நடத்துகிறவர்களுக்கு அது பயன்படும், உடைக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும். அதனால்தான் வரைந்த படத்தை முதலில் அந்தக் குழுவினர் கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன். அவர்கள் பார்த்துவிட்டு இது சரியில்லை, இவருக்கும் அவருக்கும் பேச்சே கிடையாது, அவர் என் மைத்துனர் என்பதால் பதில் போட்டேன் என்று சொல்வார்கள். அந்தத் திருத்தங்களோடு சேர்ந்தால்தான் படம் நிறைவு பெறும்.

கல்வெட்டில் இருப்பவர்கள் அப்படித் திருத்த எழுந்து வரமாட்டார்கள். அவர்களுக்காகத் திருத்த வேண்டியவர்கள் அந்தத் தமிழைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். சித்தூர், திருப்பதி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு எழுத்தைத் தெலுங்கில் மட்டும் கற்ற பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். அவர்கள் பாட்டன்மார் தடையின்றிப் படித்த எழுத்தை இன்னும் ஒரு தலைமுறை கழித்து யார் படிப்பார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

ஆகவே இங்கே வந்திருக்கும் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆறு தொகுதிகளும் அச்சில் வந்தவை, பின்னால் மறுபதிப்பும் கண்டவை. ஆறையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். சாளுவ நரசிம்மர் காலத்து இரண்டாம் தொகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்வெட்டுக்கு ஓர் அட்டை போடுங்கள். கொடுத்தவர் பெயர், தந்தை பெயர், கோத்திரம், எந்த ஊர், எவ்வளவு பணம், எவர் புண்ணியத்துக்காக, விட்டவன் விழுக்காடு யாருக்கு என்று எழுதுங்கள். கணினி பிறகு வரட்டும். தமிழ் தெரிந்தவர் ஒருவர், தெலுங்கு தெரிந்தவர் ஒருவர், கணிதம் தெரிந்தவர் ஒருவர் என்று மூன்று மூன்று பேராகச் சேர்ந்து உட்காருங்கள். பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நிறைந்த இந்த ஊரில் அந்த மூவர் கிடைக்காமல் போகமாட்டார்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.